நாத்தனார் முடிச்சும் என் வாயும்

ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஈஸ்டர் முடிஞ்ச கையோட, ராஜபாளையத்துல எங்க சபையில ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல ஆரம்பிச்ச விஷயம் இது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் பண்ணிக்கிறதைச் சட்டம் ஏத்துக்கணுமான்னு டெல்லியில பெரிய கோர்ட்டுல வழக்கு நடந்துக்கிட்டிருந்த நேரம். டிவியைப் போட்டா அதே பேச்சு. எங்க சபை வாட்ஸ்அப் குரூப்லயும் அதே பேச்சு. தினமும் காலையில வசனம் போடுற ஒருத்தர் வசனத்தையே மறந்துட்டு, வழக்கைப் பத்தி நீள நீளமா வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பிச்சிருந்தார். அதுக்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமை விசேஷ ஜெபம்னு கமிட்டியில முடிவு பண்ணினாங்க.

நான் யாருன்னு சொல்லிடுறேன். ஸ்பின்னிங் மில்லுல இருபத்தி மூணு வருஷம் வேலை பார்த்தவ. மெஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை என்னோடது. வீட்டுக்குள்ள நான் ரகசியம் பேசினா எதிர் வீட்டுக்காரி பதில் சொல்லுவா. சபையில பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவியா இருந்தேன். யாருக்கு உடம்பு சரியில்லைன்னாலும், யார் வீட்டுல பரீட்சைன்னாலும், "அக்கா நீங்க ஜெபிங்க"ன்னு என்கிட்டதான் மைக்கை நீட்டுவாங்க. அதுல எனக்குப் பெருமை. பொய் சொல்லக் கூடாது, எம்புட்டோ பெருமை.

என்கூட மில்லுல வேலை பார்த்த தோழி ஒருத்தி இருக்கா. என்னைவிட ஏழு வயசு சின்னவ, அக்கான்னுதான் கூப்பிடுவா. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்ல. அங்கேயும் சபை இருக்கு, ஆனா எங்க சபையிலதான் ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் நடந்ததுன்னு வெள்ளியும் ஞாயிறும் பஸ் ஏறி இங்கதான் வருவா. வீட்டுக்காரர் போலீஸ்ல இருந்தவர், டூட்டியிலயே நெஞ்சுவலி வந்து போயிட்டார். ரெண்டு பிள்ளைக. மூத்தவ பொண்ணு, கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜ்ல இஞ்சினியரிங் முடிச்சுட்டு பெங்களூர்ல வேலை பார்க்கா. இளையவன் பையன். அவனுக்குத் தளவாய்புரத்துல பொண்ணு நிச்சயம் ஆகி, வைகாசியில எங்க சபையில கல்யாணம்னு முடிவாகியிருந்துச்சு.

அந்த வெள்ளிக்கு ரெண்டு நாள் முன்னாடி, கல்யாணச் சேலையைப் பார்க்கலாம்னு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். சேலையைக் காட்டிட்டு, காபி போடுறேன்னு அடுப்படிக்குப் போனவ, பாலைப் பொங்கவிட்டுட்டு அப்படியே நின்னா. என்னட்டின்னு கேட்டதுதான் தாமதம், உடைஞ்சு அழுதுட்டா. பெரியவ பெங்களூர்ல ஒரு திண்டுக்கல் பிள்ளைகூட ஒரே வீட்டுல ஆறு வருஷமா இருக்கா. அம்மாக்காரி ரூம்மேட்னு நெனைச்சுக்கிட்டு, அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் வருஷா வருஷம் ஊறுகாய் கொடுத்து விட்டிருக்கா. போன மாசம் மகளே சொல்லிட்டாளாம், "அவ ரூம்மேட் இல்லம்மா"ன்னு.

"எனக்கு ஆண்டவர்கிட்ட என்ன கேக்கணும்னே தெரியலக்கா. நீங்க கேளுங்க. உங்களுக்கும் அவருக்கும் மட்டும் இருக்கட்டும். என் பிள்ளை பேரு ஊர் வாயில விழுந்துறக் கூடாது" அப்படின்னா.

நான் அவ தலையில கையை வச்சு, யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. வெயில்னா வெயில், அப்படி ஒரு வெயில். காலையில இருந்து வெறும் வயிறு. பெண்கள் எல்லாரும் முழங்கால்ல நின்னோம். ஒவ்வொருத்தரா ஜெபிச்சு, கடைசியில மைக் என் கைக்கு வந்துச்சு. நாட்டுக்காக ஜெபிச்சேன். கோர்ட்டுக்காக ஜெபிச்சேன். சுத்தி "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்"னு சத்தம் ஏற ஏற, எனக்கும் ஏறிப் போச்சு. பொறவு என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "அப்பா, ஊர் உலகத்துக்காக மட்டும் இல்ல, எங்க சபைக்குள்ளயே ஒரு மகள், காக்கி உடுப்பு போட்ட தகப்பனை இழந்த மகள், பெங்களூர்ல இன்னொரு பெண்ணோட சேர்ந்து வாழுறாளே, அவளை விடுதலையாக்கும்"னு சொல்லிட்டேன்.

பேரைச் சொல்லல. சொல்ல வேற வேணுமா? எங்க சபையில காக்கி போட்ட தகப்பனை இழந்த பிள்ளை ஒருத்திதான் உண்டு.

ஸ்தோத்திரச் சத்தம் நின்னு போச்சு. அப்பதான் கண்ணைத் திறந்தேன். கண்ணை மூடி ஜெபிக்க வேண்டிய எல்லாரும் கண்ணைத் திறந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அவ மூணாவது வரிசையில முழங்கால்ல நின்னா. தலை பாயில முட்டுற அளவுக்குக் குனிஞ்சிருந்தா. பொறவு எந்திரிச்சு, பைபிள் பையை எடுத்துக்கிட்டு, வாசல்ல செருப்பை மாட்டிட்டுப் போயிட்டா. உபவாசம் முடிஞ்சு குடிக்கிற கஞ்சியைக்கூடக் குடிக்கல. என் மூஞ்சியிலேயே நாலு அறை விட்டுக்கணும் போல இருந்துச்சு.

இதுல என்ன கொடுமைன்னா, ஒருத்தரும் என்னைத் திட்டல. கஞ்சி ஊத்துற இடத்துல கமிட்டி செயலாளர் வந்து, "நல்ல பாரத்தோட ஜெபிச்சீங்கம்மா, பரிசுத்த ஆவியானவர்தான் உங்களைச் சொல்ல வச்சிருக்கார்"னு பாராட்டிட்டுப் போறார். ஆவியானவர் மேல எதுக்குப் பழியைப் போடணும்? அது என் வாய்க்கொழுப்பு. கூட்டம் நான் சொல்றதைக் கேக்குதுன்ன ஒடனே, ஒருத்தி அழுதுக்கிட்டே என் மடியில போட்டதை எடுத்து வீசிட்டேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, அவர் சாப்பிட்டுக்கிட்டிருந்த கையை அப்படியே நிறுத்திட்டு, "அவ இனிமே யாரை நம்புவா?"ன்னு மட்டும் கேட்டார். அன்னிக்கு ராத்திரி நான் ஒரு வாய் சாப்பிடல.

மூணே நாள்தான். ராஜபாளையத்துல இருந்து தளவாய்புரத்துக்குப் பஸ் போய்ச் சேர்றதுக்குள்ள செய்தி போயிருச்சு. பொண்ணோட தாய்மாமன் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு எங்க ஐயரைப் பார்க்க வந்துட்டார். ஐயர்னா எங்க சபைப் போதகர், எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு சபையில ஓலை வாசிப்போம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு கேக்கிறது. ரெண்டு ஓலை முடிஞ்சு, மூணாவது பாக்கி. மாமன் சொன்னது இதுதான்: கல்யாணத்தை நிறுத்தச் சொல்லல. ஆனா மாப்பிள்ளையோட அக்கா பீடத்துல ஏறக் கூடாது, தாலியில அவ கை படக் கூடாது. ஏறுவாள்னா மூணாவது ஓலைக்கு நானே எந்திரிச்சு ஆட்சேபணை சொல்லுவேன்.

இது உங்களுக்குப் பெரிசாத் தெரியாம இருக்கலாம். எங்க கிறிஸ்தவக் கல்யாணத்துலயும் தாலி உண்டு. மாப்பிள்ளை தாலியைக் கழுத்துல சுத்தி ஒரு முடிச்சுப் போடுவான். மிச்ச முடிச்சை அவன் கூடப் பிறந்தவ, பொண்ணு தலையில போட்டிருக்கிற நெட்டு முக்காட்டைத் தூக்கிப் பிடிச்சு, பின்னாடி நின்னு போடணும். நாத்தனார் முடிச்சுன்னு பேரு. அவன் கூடப் பிறந்தது அவ ஒருத்திதான். தகப்பன் போனப்போ அவனுக்குப் பன்னெண்டு வயசு. அவன் படிப்புக்கு பெங்களூர்ல இருந்து மாசா மாசம் அனுப்பினது அவ. அவளைத்தான் பீடத்துல ஏறக் கூடாதுங்கிறாங்க. யார் வாயால? என் வாயால.

கமிட்டி கூடிச்சு. சபையோட சாட்சி கெட்டுப் போகும்னு செயலாளர் சொன்னாராம். ஐயர் நல்ல மனுஷன்தான், ஆனா யாரும் சத்தம் போட்டா அவருக்குப் பேச்சு வராது. தாய்மாமன் சொன்னபடியே முடிவாச்சு. பாவம், தோழி தனி மனுஷி. மகன் கல்யாணம் நின்னுருமோங்கிற பயத்துல எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டிட்டா. நாத்தனார் முடிச்சை யார் போடுறதுன்னு கேட்டிருக்காங்க. மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறைன்னு என் பேரைச் சொல்லியிருக்காங்க!

செயலாளர் எனக்குப் போன் போட்டு, ஏதோ பெரிய கௌரவம் கொடுக்கிற மாதிரி சொல்றார். என் காதுல ரத்தம் வந்துரும் போல இருந்துச்சு. யோசிச்சுச் சொல்றேன்னு போனை வச்சேன். மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தது பெரியவதான். கல்யாண வேலைக்காக லீவு போட்டுட்டு வந்திருந்தா. உள்ள தரையில ஒரு பிள்ளை உட்கார்ந்து தாம்பூலப் பைகளை எண்ணி அடுக்கிக்கிட்டிருந்துச்சு. கண்ணாடி போட்டு, ஒல்லியா. அதுதான் திண்டுக்கல் பிள்ளைன்னு சொல்லாமலே தெரிஞ்சுச்சு. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு, "தண்ணி குடிக்கிறீங்களா?"ன்னு கேட்டுச்சு. நான் வீசின கல்லு அது மேலயும்தானே விழுந்துச்சு? ஆனாலும் தண்ணி கொண்டாந்து கொடுத்துச்சு. தோழி உள் ரூம்ல படுத்திருந்தா, வெளியில வரல.

பெரியவகிட்ட மன்னிப்பு கேட்டேன். உனக்காகப் பாரப்பட்டு ஜெபிச்சேன் தாயி, வாய் தவறிருச்சுன்னு ஆரம்பிச்சேன். அவ கையை நீட்டி நிறுத்திட்டா.

"பெரியம்மா, நீங்க எனக்காக ஜெபிச்சீங்களா, என்னைப் பத்தி ஜெபிச்சீங்களா?"

அவ கத்தல, அழல. தம்பி கல்யாணம் நல்லபடியா நடக்கணும், நான் கீழேயே உட்கார்ந்துக்கிறேன், எனக்கு ஒண்ணும் இல்லன்னா. ஒண்ணும் இல்லாதவ மூஞ்சியா அது? பொறவு சொன்னா, "அவனுக்குப் பதட்டமானா கை நடுங்கும் பெரியம்மா. சின்னதுல இருந்தே அப்படித்தான். நீங்க பின்னாடி நிக்கும்போது கயிறைச் சட்டுன்னு பிடிச்சுக்கோங்க." தன்னோட இடத்துல நிக்கப் போறவளுக்கே அவ வேலை சொல்லிக் கொடுக்கா. என்னை மன்னிச்சேன்னு சொல்லல. நான் கேட்கவும் இல்ல, கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

திரும்பி வரும்போது பஸ்ல எனக்குள்ள அழுகை போய் ஆத்திரம் வந்துச்சு. முதல்ல என் மேல. பொறவு மொத்த சபை மேலயும். அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல ஜெபிக்கச் சொல்லி மைக்கைக் கொடுத்தாங்க. நான் ஜெபிக்கல. எல்லாரும் கண்ணைத் திறந்து என்னைப் பாருங்கன்னேன். போன வாரம் நான் செஞ்சது ஜெபம் இல்ல, புறணி. நம்பிச் சொன்னவளோட வீட்டு விஷயத்தை ஆண்டவர் பேரைச் சொல்லி ஊருக்கு விளம்பரம் பண்ணினேன். அந்தப் பாவம் என்னோடது. ஆனா அதைக் கேட்டுட்டு, அன்னிக்குச் சாயங்காலமே போன்ல நாலு பேருக்குச் சொன்னது உங்கள்ல யாருன்னு உங்களுக்கே தெரியும்னேன்.

அம்புட்டுதான். செயலாளர் வெளியில இருந்து விறுவிறுன்னு வந்து மைக்கை ஆஃப் பண்ணினார். எனக்கு எதுக்குய்யா மைக்கு? மில்லுல பேசின தொண்டையிலேயே பேசினேன். நீங்க அந்த மாதிரிக் கல்யாணத்தை ஆதரிக்கிறீங்களா, வேதத்தை மறுக்கிறீங்களான்னு அவர் கேட்டார். நான் சொன்னேன், "அய்யா, வேதத்தை நான் மறுக்கல. கல்யாணத்தைப் பத்தி எனக்குச் சொல்லிக் கொடுத்ததை வச்சுக்கிட்டு நான் இன்னும் ஆண்டவரோட மல்லுக்கட்டிக்கிட்டுதான் இருக்கேன். கோர்ட்டு என்ன சொல்லும்னும் எனக்குத் தெரியாது. ஆனா, ஒரு பிள்ளையைச் சொந்தத் தம்பி கல்யாணத்துல எட்டி நிக்க வைக்கணும்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்குன்னு காட்டுங்க, நான் இப்பவே வாயை மூடிக்கிறேன்."

அவர் காட்டல. அந்த வாரமே என்னைப் பெண்கள் ஐக்கியத் தலைவி பதவியில இருந்து எடுத்துட்டாங்க. ஆனா நாத்தனார் முடிச்சுக்கு மட்டும் என் பேரை மாத்தல, ஏன்னா வேற ஆள் அகப்படல. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரைக் கேட்டாலும் நழுவிட்டாங்க. நானும் முடியாதுன்னு சொல்லத்தான் இருந்தேன். அப்பதான் யோசனை வந்துச்சு. நான் மாட்டேன்னு சொன்னா வேற எவளையாவது பிடிச்சுக் கொண்டாந்து நிறுத்துவாங்க. சரின்னு சொன்னா, அந்த இடம் அன்னிக்கு என் கையில இருக்கும். சரின்னு சொல்லிட்டேன். மூணாவது ஓலையும் ஆட்சேபணை இல்லாம முடிஞ்சுச்சு.

ஆனா ஒரு தடவை பட்டது போதாதா? இந்தத் தடவை யாரையும் கேக்காம ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைப் பயலைத் தனியாக் கூப்பிட்டு, "ஏலே, உங்க அக்கா வந்து முடிச்சுப் போட்டா உனக்குச் சம்மதமா?"ன்னு கேட்டேன். அவன் கண்ணு கலங்கிப் போச்சு. "அவ இல்லாம தாலி கட்டுவேன்னு நான் நெனைச்சதே இல்ல பெரியம்மா. அம்மாவுக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன்." பொண்ணு என்ன சொல்லுதுன்னு கேட்டேன். "அவளுக்கும் இதேதான்"னான். அது எனக்குப் போதும்.

கல்யாணத்தன்னிக்குக் கோயில் நிறைஞ்சிருந்துச்சு. கோயில்னா எங்க தேவாலயத்தைத்தான் சொல்றேன். பீடத்துக்கு வலது பக்கம் தளவாய்புரத்து ஆளுக. முதல் வரிசையில தாய்மாமன், புது வேட்டி சட்டையில. இடது பக்கம் நாங்க. தோழி முதல் வரிசையில. பெரியவ நாலாவது வரிசையில, சுவரோரமா, அந்தத் திண்டுக்கல் பிள்ளை பக்கத்துல உட்கார்ந்திருந்தா. அரக்குக் கலர் பட்டு கட்டியிருந்தா. நாத்தனார் முடிச்சுக்குன்னு எப்பவோ எடுத்து வச்ச சேலையாம் அது.

பாட்டு முடிஞ்சு, வாக்குறுதி முடிஞ்சு, ஐயர் தாலியை ஜெபிச்சு எடுத்து மாப்பிள்ளை கையில கொடுத்தார். முடிச்சுப் போட வர்றவங்க வாங்கன்னார். நான் எந்திரிச்சேன். பீடத்துப் பக்கம் போகல. நேரா நாலாவது வரிசைக்குப் போனேன். குனிஞ்சு, என் ஆயுசுலயே முதல் தடவையா சத்தம் வராமப் பேசினேன். "உனக்கு விருப்பம்னா வா தாயி. வேண்டாம்னா சொல்லு, நான் போய் நிக்கிறேன். உன் தம்பி உனக்காகத்தான் காத்துக்கிட்டு நிக்கான்."

அவ என்னைப் பார்க்கல. பீடத்தைப் பார்த்தா. அங்க அவன் தாலியைப் பொண்ணு கழுத்துல சுத்தி, ரெண்டு முனையையும் பின்னாடி பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கான். முடிச்சுப் போடல. அக்காவையே பார்க்கான். கை நடுங்கிறது நாலாவது வரிசைக்கே தெரியுது.

தாய்மாமன் எந்திரிச்சுட்டார். "என்ன நடக்குது இங்க? ஐயரே, பேசினது என்ன, நடக்கிறது என்ன?"ன்னு சத்தம் போட்டார். அப்பத்தான் குனிஞ்ச தலை நிமிராம அந்தக் கல்யாணப் பொண்ணு பேசிச்சு. அதுவரைக்கும் அது குரலை நான் கேட்டதே இல்ல. "மாமா, உட்காருங்க. இது என் கழுத்து. யார் முடிச்சுப் போடணும்னு நான் சொல்லிக்கிறேன்."

அவர் உட்காரல. ஐயர் புஸ்தகத்தை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். யாரும் சத்தம் போட்டா வாய் வராத அந்த மனுஷன் மைக்குக்குப் பக்கத்துல வந்து, "மாப்பிள்ளையின் சகோதரி முன்னே வரலாம்"னார். செயலாளர் மூஞ்சியை நான் பார்த்தேன். பார்க்கணும்னுதான் பார்த்தேன்.

பெரியவ எந்திரிச்சா. முதல் வரிசையைத் தாண்டும்போது, ஒரு மாசமா பயந்து பயந்து செத்துக்கிட்டிருந்த என் தோழி, எட்டி மக முதுகுல கையை வச்சு ஒரு தள்ளு தள்ளினா. "போடி, தம்பி நிக்கான் பாரு"ன்னா. அவ போய் நெட்டைத் தூக்கிப் பிடிச்சா. அவன் ஒரு முடிச்சுப் போட்டான். மிச்சத்தை அவ போட்டா. நிதானமா, இழுத்துப் பார்த்து, இறுக்கிப் போட்டா. யாரோ ஒரு பொம்பளை "ஸ்தோத்திரம்"னு சொல்லி அழுதா. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

பெரியவ விட்டுட்டுப் போன இடத்துல, திண்டுக்கல் பிள்ளை பக்கத்துலயே உட்கார்ந்தேன். அது மடியில இருந்த பையை நகட்டி எனக்கு இடம் விட்டுச்சு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் என் முந்தானையைக் கொடுத்தேன், வாங்கிக்கிச்சு.

இதோட எல்லாம் சுபமா முடிஞ்சுதுன்னு நெனைச்சுறாதீங்க. தாய்மாமனும் கூட ஒரு இருபது பேரும் சாப்பிடாமலே போயிட்டாங்க. மண்டபத்துல இலை போட்ட ஒரு வரிசையே காலியா இருந்துச்சு. அந்த வரிசையில நான், என் வீட்டுக்காரர், திண்டுக்கல் பிள்ளை மூணு பேரும் போய் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். செத்த நேரத்துல மில்லுல கூட வேலை பார்த்த ரெண்டு பேர் வந்து உட்கார்ந்தாங்க. பொறவு இன்னும் நாலு பேர். வரிசை நிறையல, பாதிதான் நிறைஞ்சுச்சு. ஐயரைக் கூப்பிட்டு மேலிடத்துல விசாரிச்சாங்களாம். முறைப்படி மாப்பிள்ளையின் சகோதரிதான் முடிச்சுப் போட்டாங்க, இதுல என்ன தப்புன்னு கேட்டிருக்கார் மனுஷன். எனக்குச் சபையில இன்னும் மைக் கொடுக்கிறதில்ல. சிலர் ஆராதனையில எனக்குச் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிறதில்ல. கொடுக்காட்டிப் போங்க. ஞாயித்துக்கிழமை தவறாம போறேன், அதே இடத்துல உட்கார்றேன், தொண்டை கிழியப் பாடுறேன். அது அவங்க கோயில் மட்டும் இல்லையே!

கோர்ட்டுல தீர்ப்பும் வந்துச்சு. வழக்குப் போட்ட பிள்ளைக கேட்டது கிடைக்கல. செயலாளர் குரூப்ல ஜெபம் ஜெயிச்சதுன்னு போட்டார். நான் குரூப்பை விட்டு வெளியில வந்துட்டேன். இப்பவும் என்னைப் பிடிச்சு நிறுத்தி, அப்ப நீங்க அதைச் சரிங்கிறீங்களான்னு கேக்கிறவங்க உண்டு. எனக்கு எல்லாம் தெரியும்னு நான் சொல்லல. ஒரு காலத்துல தெரியும்னு நெனைச்சு மைக்கைப் பிடிச்சதோட லட்சணத்தைத்தான் பார்த்துட்டேனே. நம்ம ஆண்டவர் யார் யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டாருன்னு சின்னப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியில சொல்லிக் கொடுக்கோம். அதை நாமளும் செஞ்சா என்ன குறைஞ்சு போகும்னு திருப்பிக் கேட்டா, ஒருத்தரும் நின்னு பதில் சொல்றதில்ல.

தோழி இப்பவும் என்கூடப் பேசுறா. முன்ன மாதிரி எல்லாத்தையும் சொல்றதில்ல. எனக்கு நல்லா வேணும். பெரியவ கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு போன் பண்ணினா. அன்னிக்கு நீங்க வந்து கேட்டீங்களே, அது நல்லா இருந்துச்சுன்னா. இனிமே எனக்காக ஜெபிக்கணும்னா முதல்ல என்ன வேணும்னு என்கிட்டக் கேளுங்க பெரியம்மான்னும் சொன்னா. அதுல இருந்து மாசம் ஒரு தடவை நானே போன் போட்டுக் கேக்கேன். போன தடவை, "வீட்டு ஓனர் ரெண்டு நாளா தண்ணி மோட்டார் போடல, அதுக்கு ஜெபிங்க"ன்னா. பின்னாடி அந்தத் திண்டுக்கல் பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. முழங்கால் போட்டு அந்த மோட்டாருக்காக ஜெபிச்சேன்.

இப்பவும் தினமும் ராத்திரி படுக்குமுன்ன ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்காக கேக்கிறேன், என் தோழி பாதி ஜெபத்துல எந்திரிச்சுப் போனதுக்காக கேக்கிறேன், வாயால செஞ்ச இன்னும் எம்புட்டோ பாவத்துக்காக கேக்கிறேன். ஆனா அத்தனை பேர் முன்னாடி அந்த நாலாவது வரிசைக்கு நடந்து போனதுக்கு மட்டும் இன்னிக்கு வரைக்கும் நான் மன்னிப்பு கேக்கல, சாகுற வரைக்கும் கேக்கவும் மாட்டேன்.